கரைசலின் செறிவு: உப்பைக் கூட்டும்போதும் நீரைக் கூட்டும்போதும் கணக்கிடும் முறை

ஒரு முகவையில் 200 கிராம் உப்புக் கரைசல் இருக்கிறது. அதன் செறிவு 10 சதவீதம். அதாவது அதில் 20 கிராம் உப்பும் 180 கிராம் நீரும் உள்ளன. இன்னும் 20 கிராம் உப்பைப் போட்டுக் கலக்கினால் செறிவு எவ்வளவு ஆகும்? ஆய்வகத்திற்குள் முதன்முறையாக வரும் மாணவர்களிடம் ஆண்டுதோறும் நான் கேட்கும் முதல் கேள்வி இது. பெரும்பாலோர் தயங்காமல் 20 சதவீதம் என்பார்கள். உப்பு இரு மடங்கானதால் செறிவும் இரு மடங்காகிவிடும் என்பது அவர்களுடைய எண்ணம். உண்மையில் கிடைப்பது ஏறத்தாழ 18.2 சதவீதம்தான். போட்ட உப்பு கரைபொருளின் கணக்கில் மட்டும் ஏறவில்லை, கரைசலின் மொத்த எடையிலும் ஏறிவிட்டது. ஆகவே 40 கிராமை 220 கிராமால் வகுக்க வேண்டுமே தவிர 200 கிராமால் அல்ல.

இந்த ஒரு தவறைப் புரிந்துகொண்டவருக்குச் செறிவுக் கணக்கில் பாதி வேலை முடிந்துவிட்டது என்றே சொல்வேன். மீதிப் பாதி, ஒவ்வொரு முறையும் கரைசலில் எது மாறவில்லை என்று தேடிப் பிடிப்பதில் இருக்கிறது. நீரைச் சேர்த்தால் உப்பின் அளவு மாறாது. உப்பைச் சேர்த்தால் நீரின் அளவு மாறாது. மாறாமல் நிற்கும் அந்த அளவைப் பிடித்துக்கொண்டால் சூத்திரம் எதையும் மனப்பாடம் செய்யாமலே விடைக்கு வந்துவிடலாம். பள்ளி மாணவர், ஆய்வக உதவியாளராகப் புதிதாகச் சேர்ந்தவர், கிருமிநாசினியைக் கலக்க வேண்டியிருக்கும் துப்புரவுப் பணியாளர், பிள்ளைக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் தயாரிக்கும் தாய் ஆகிய எல்லோருக்கும் பயன்படும்படி அந்த முறையைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

எந்தக் கரைசலைத் தொடுவதற்கு முன்பும் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதிக்கொள்ள வேண்டும்: கரைபொருள் எவ்வளவு, நீர் எவ்வளவு, இரண்டும் சேர்ந்த மொத்தம் எவ்வளவு. நம்முடைய உப்புக் கரைசலுக்கு அவை 20, 180, 200. செறிவு என்பது நான்காவது எண். அது தனியாக நிற்கும் ஓர் அளவல்ல, முதல் எண்ணை மூன்றாவது எண்ணால் வகுத்துப் பெறுவது. செறிவை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அதையே கூட்டவும் கழிக்கவும் முயல்வதால்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். சதவீதங்களைக் கூட்டக் கூடாது. கிராம்களைத்தான் கூட்ட வேண்டும்.

சிலர் நீரின் எண்ணை எழுதாமல் விட்டுவிடுவார்கள், மொத்தத்திலிருந்து கழித்தால் கிடைத்துவிடும்தானே என்று. அந்த எண்ணையும் எழுதி வைக்கும்படி நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மூன்றாம் படியில் நமக்கு உதவப் போவது அதுதான்.

இரண்டாம் படி: நீர் சேர்க்கும்போது

முகவையில் இருக்கும் 200 கிராம் கரைசலில் 50 கிராம் நீரை ஊற்றுங்கள். உப்பு அதே 20 கிராம்; மொத்தம் 250 கிராம். இருபதை 250-ஆல் வகுத்தால் 8 சதவீதம். இன்னும் 150 கிராம் நீரை ஊற்றினால் மொத்தம் 400 கிராம் ஆகும். செறிவு 5 சதவீதமாக இறங்கும். மொத்த எடை இரு மடங்கானபோது செறிவு சரிபாதியானதைக் கவனியுங்கள். உப்பைச் சேர்க்காமல் நீரை மட்டும் சேர்க்கும்போது இந்த எளிய உறவு பொருந்தும்: மொத்தம் எத்தனை மடங்காகிறதோ அத்தனையில் ஒரு பங்காகச் செறிவு குறையும்.

வேண்டிய செறிவு முன்கூட்டியே தெரிந்திருந்தால் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். 4 சதவீதக் கரைசல் வேண்டுமென்றால், கையில் உள்ள 20 கிராம் உப்பு மொத்தத்தில் நூற்றுக்கு நான்காக இருக்க வேண்டும், 20-ஐ 0.04-ஆல் வகுத்தால் 500 கிராம். ஏற்கெனவே 200 கிராம் இருப்பதால் இன்னும் 300 கிராம் நீர் ஊற்ற வேண்டும். 500 என்பது எட்ட வேண்டிய மொத்தம், ஊற்ற வேண்டிய நீரல்ல. அவசரத்தில் 500 கிராம் நீரையும் ஊற்றிவிடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு நீர் ஊற்றினாலும் செறிவு பூச்சியமாவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உப்பு வெளியேறாதவரை அது எங்கோ இருந்துகொண்டுதான் இருக்கும். பரவி நிற்குமே தவிர மறையாது.

கலக்குவதும் இந்தப் படியிலேயே சேரும். ஒரு கண்ணாடிக் குவளையில் சர்க்கரைப் பாகை ஊற்றி, அதன்மேல் நீரைச் சுவரோரமாக மெல்ல இறக்கிவிட்டு, குவளையைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரண்டும் தொடும் இடத்தில் கானல் போல நெளியும் கோடுகள் தெரியும். செறிவு வேறுபட்ட இரு திரவங்கள் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால் வரும் கோடுகள் அவை. அந்த நெளிவு முற்றிலும் மறையும்வரை கலக்கினால்தான் கணக்கில் வந்த செறிவு குவளையின் எல்லா இடத்திலும் இருக்கும். எலுமிச்சைச் சாற்றின் மேல்பகுதி சப்பென்றும் கடைசி மடக்கு திகட்டும்படியும் இருப்பது கலக்காமல் விட்டதால்தான். சர்க்கரையின் அளவில் பிழை எதுவும் இல்லை.

மூன்றாம் படி: கரைபொருளைச் சேர்க்கும்போது

இப்போது தொடக்கக் கேள்விக்குத் திரும்புவோம். 10 சதவீதக் கரைசலை உண்மையாகவே 20 சதவீதமாக்க எத்தனை கிராம் உப்பு வேண்டும்? இயற்கணிதம் தெரிந்தவர்கள் உடனே ஒரு தெரியாத எண்ணை வைத்துச் சமன்பாடு எழுதுவார்கள். அது தவறல்ல, ஆனால் வெறும் கையோடு செய்யும் வழி அதைவிட எளிது. உப்பைச் சேர்க்கும்போது மாறாதது நீர். நம் முகவையில் அது 180 கிராம். புதிய கரைசலில் உப்பு 20 சதவீதம் என்றால் நீர் 80 சதவீதம். 180 கிராம் என்பது நூற்றுக்கு 80 என்றால் மொத்தம் 225 கிராம். இருந்த 200 போக, சேர்க்க வேண்டியது 25 கிராம் உப்பு. சரிபார்க்க வேண்டுமானால், 20-உம் 25-உம் சேர்ந்து 45. 45-ஐ 225-ஆல் வகுத்தால் 20 சதவீதம்.

இந்த வழியைப் பழகிக்கொண்டால் இன்னொன்றும் தெளிவாகும். செறிவு ஏற ஏற, ஒவ்வொரு சதவீதத்தையும் கூட்டுவதற்குத் தேவைப்படும் உப்பு கூடிக்கொண்டே போகும். முதல் 20 கிராம் வெறும் நீரை 10 சதவீதமாக்கியது. அடுத்த 10 சதவீதத்திற்கு 25 கிராம் தேவைப்பட்டது. சேர்க்கும் உப்பே மொத்தத்தையும் பெருக்குவதால் வரும் விளைவு இது.

ஆனால் இந்த ஏற்றத்திற்கு ஓர் எல்லை உண்டு. 25 டிகிரி செல்சியஸில் 100 கிராம் நீர் ஏறத்தாழ 36 கிராம் சாதாரண உப்பைத்தான் கரைக்கும். ஆகவே நம் 180 கிராம் நீர் தாங்கக்கூடியது 64.8 கிராம். அதற்குமேல் போடும் உப்பு அடியில் படிந்து கிடக்கும். எவ்வளவு கலக்கினாலும் கரையாது. அப்போது கரைசலின் செறிவு ஏறத்தாழ 26.5 சதவீதத்தில் நின்றுவிடும். இதைத் தெவிட்டிய கரைசல் என்கிறோம். நீரைச் சூடாக்கினால் இந்த எல்லை உயரும் என்று பலர் பொதுவாகச் சொல்வார்கள். சர்க்கரைக்கு அது பெரிதும் உண்மை: 20 டிகிரியில் 100 கிராம் நீரில் ஏறத்தாழ 200 கிராம் கரையும் சர்க்கரை, கொதிநிலையை நெருங்கும்போது அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் கரையும். சாதாரண உப்போ கொதிநிலையிலும் ஏறத்தாழ 39 கிராமைத் தாண்டாது. எனவே உப்பு கரையவில்லை என்று அடுப்பில் ஏற்றுவதால் பெரிய பயன் இல்லை. நீரைத்தான் கூட்ட வேண்டும்.

அடியில் உப்பு படிந்திருக்கும் கரைசலில் நீர் ஊற்றினால் என்ன ஆகும் என்பது நல்ல கேள்வி. 180 கிராம் நீரில் 80 கிராம் உப்பைப் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். கரைந்தது 64.8 கிராம்; அடியில் கிடப்பது 15.2 கிராம். இதில் 20 கிராம் நீர் ஊற்றினால் செறிவு குறையும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் நன்றாகக் கலக்கினால், ஊற்றிய நீர் அடியில் கிடந்த உப்பில் 7.2 கிராமைக் கரைத்துக்கொண்டு மீண்டும் தெவிட்டிய நிலைக்கே வந்துவிடும், செறிவு அசையாது. அடியில் கிடப்பது முழுவதும் கரைய ஏறத்தாழ 42 கிராம் நீர் வேண்டும். அதற்குப் பிறகு ஊற்றும் நீர்தான் செறிவைக் குறைக்கத் தொடங்கும். கரைசலுக்கு அடியில் திடப்பொருள் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கணக்குப் போட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

நான்காம் படி: நீர் வெளியேறும்போதும் கரைசலைக் கொட்டும்போதும்

இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வது மிகவும் வழக்கம். முகவையிலிருந்து பாதிக் கரைசலைக் கீழே கொட்டினால் மீதிப் பாதியின் செறிவு மாறாது. கொட்டியதில் உப்பும் போனது, நீரும் போனது. இரண்டும் ஒரே விகிதத்தில் போயின. அதே முகவையை வெயிலில் வைத்துப் பாதி எடை குறையும்வரை ஆவியாக விட்டால் கதை வேறு: போனது நீர் மட்டுமே. 200 கிராம் 100 கிராமானபோது உப்பு அதே 20 கிராமாக இருப்பதால் செறிவு 20 சதவீதம்.

தூத்துக்குடியைச் சுற்றியுள்ள உப்பளங்கள் முழுக்க முழுக்க இந்த ஒரு கணக்கின்மேல் நடக்கின்றன. கடல்நீரில் உப்புகள் எடைக்கு ஏறத்தாழ 3.5 சதவீதம் மட்டுமே. உப்பைச் சேர்த்து அதைச் செறிவாக்குபவர் எவரும் இல்லை. வெயிலும் காற்றும் நீரை எடுத்துக்கொள்ள, பாத்தி பாத்தியாக மாறி வரும் உவர்நீரின் செறிவு ஏறிக்கொண்டே போகிறது. அதை மிதவைமானி விட்டு, திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் போமே டிகிரிக் கணக்கில் அளக்கிறார்கள். கடல்நீரின் கன அளவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறையும்போது, 25 போமே டிகிரியை ஒட்டி, சாதாரண உப்பு படிகமாகத் தொடங்கும். அதற்கு முன்பே ஜிப்சம் பெருமளவு படிந்துவிடும். 29 டிகிரியை நெருங்கும்போது மிஞ்சிய நீரை வெளியேற்றிவிடுகிறார்கள். இன்னும் விட்டால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து உப்பைக் கசக்க வைக்கும். தெவிட்டிய நிலை என்று பாடத்தில் படிப்பதை, காலில் உறுத்தும் வெள்ளைப் படிகங்களாகப் பார்க்க வேண்டுமானால் அங்கே போக வேண்டும்.

அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சும் வீட்டிலும் நடப்பது இதே ஆவியாதல்தான். வெல்லம் கூடவில்லை, நீர்தான் குறைகிறது. பதம் ஒவ்வொன்றும் ஒரு செறிவு. கிண்ணத்து நீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பது, மானியின் உதவியில்லாமல் செறிவை அளக்கும் முறை. பாகு முற்றிவிட்டால் இன்னும் வெல்லம் போட்டுச் சரிசெய்ய எவரும் முயலமாட்டார்கள். சிறிது நீர் விட்டு மீண்டும் பதம் பார்ப்பார்கள். போனது எதுவோ அதைத்தான் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பது சமையலறையில் கைப்பழக்கமாகவே இருக்கிறது.

இன்வெர்ட்டர் பேட்டரியில் அதே பழக்கம் பலருக்கு வராமல் போவது வியப்பளிக்கிறது. ஈய அமில பேட்டரியின் உள்ளே இருப்பது நீரில் கலந்த கந்தக அமிலம். மின்னேற்றம் நடக்கும்போது நீரின் ஒரு பகுதி ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறுகிறது. ஒரு பகுதி ஆவியாகிறது. அமிலம் உள்ளேயே தங்கிவிடுகிறது. எனவே மட்டம் இறங்கிய பேட்டரிக்குள் இருக்கும் திரவம் முன்பைவிடச் செறிவானது. அதற்கு ஊற்ற வேண்டியது டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே. எங்கள் வீட்டு பேட்டரிக்கு, பழுதுபார்க்க வந்த ஒருவர் மட்டம் குறைந்திருக்கிறதென்று அமிலத்தையே ஊற்றிவிட்டுப் போனார். இரண்டொரு நாட்கள் நன்றாக இயங்குவதுபோலத் தெரிந்தது. பிறகு தகடுகள் அரிக்கப்பட்டு, அந்த பேட்டரி தன் காலத்துக்கு வெகு முன்பே போய்விட்டது. முழுதும் மின்னேற்றிய நிலையில் அமிலத்தின் ஒப்படர்த்தி, அதாவது நீரைப்போல் எத்தனை மடங்கு அடர்த்தி என்பது, ஏறத்தாழ 1.24 முதல் 1.28 வரை இருக்கும். மின்னேற்றம் இறங்கும்போது அமிலத்தின் ஒரு பகுதி தகடுகளோடு வினைபுரிவதால் ஒப்படர்த்தியும் தானாகக் குறையும். ஆகவே மின்னேற்றம் முடிந்த பிறகுதான் அளந்து பார்த்து முடிவுக்கு வர வேண்டும். இறங்கிய நிலையில் அளந்துவிட்டு அமிலம் குறைந்துவிட்டதென்று ஊற்றுவதுதான் பிழையின் தொடக்கம்.

ஐந்தாம் படி: எடையா, கன அளவா என்று முடிவு செய்யுங்கள்

இதுவரை எல்லாவற்றையும் கிராமில் பேசினேன். காரணம், எடைகளை அச்சமின்றிக் கூட்டலாம். 180 கிராமும் 20 கிராமும் எப்போதும் 200 கிராம்தான். கன அளவுகள் அப்படிக் கூடுவதில்லை. 50 மி.லி. எத்தனாலையும் 50 மி.லி. நீரையும் கலந்தால் 100 மி.லி. கிடைக்காது, ஏறத்தாழ 96 அல்லது 97 மி.லி.தான் கிடைக்கும். மூலக்கூறுகள் ஒன்றன் இடைவெளியில் மற்றொன்று நெருங்கி அமர்ந்துகொள்வதால் வரும் சுருக்கம் அது.

ஆய்வகத்தில் பெரும்பாலும் பயன்படும் மோலாரிட்டி, கன அளவை அடிப்படையாகக் கொண்டது: 1 லிட்டர் கரைசலில் எத்தனை மோல் கரைபொருள் என்பதே அது. மோல் என்பது துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு. இங்கே ஒரு சொல்லைத் தவறவிட்டால் எல்லாம் கெட்டுவிடும். 1 லிட்டர் ‘நீரில்’ அல்ல, 1 லிட்டர் ‘கரைசலில்’.

நான் ஆய்வக வேலைக்குப் புதிதாக வந்தபோது, உருளைக்கிழங்குத் துண்டுகளைக் கொண்டு சவ்வூடு பரவலை (மெல்லிய சவ்வின் வழியே நீர் செறிவான பக்கத்துக்கு நகர்வதை) காட்டும் சோதனைக்காக ஒரு மோலார், அதாவது லிட்டருக்கு ஒரு மோல், சர்க்கரைக் கரைசல் தயாரிக்கச் சொன்னார்கள். சர்க்கரையின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, 342 கிராம். அதைத் துல்லியமாக எடை போட்டு, ஒரு லிட்டர் நீரை அளந்து ஊற்றிக் கரைத்தேன். கரைந்து முடிந்தபோது முகவையில் ஏறத்தாழ 1.2 லிட்டர் இருந்தது. நான் தயாரித்தது ஒரு மோலார் கரைசல் அல்ல, ஏறத்தாழ 0.82 மோலார். அன்று வகுப்பு முழுவதும் எடுத்த அளவுகள் எதிர்பார்த்த கோட்டில் விழாமல் விலகி நின்றன. பிழை எங்கே என்று கண்டுபிடிக்கவே எனக்குப் பாதி நாள் ஆயிற்று, ஏனென்றால் தராசும் சரியாக இருந்தது, அளவுச் சாடியும் சரியாக இருந்தது. சாதாரண உப்பில் இதே தவறைச் செய்தால் விலகல் இரண்டு சதவீத அளவில்தான் இருக்கும். அதனாலேயே பலர் இதை நெடுநாள் கவனிக்காமல் இருந்துவிடுகிறார்கள்.

சரியான முறை இது. கரைபொருளை எடை போட்டு, தேவையான நீரில் பாதிக்குச் சற்று மேல் மட்டும் ஊற்றி முகவையில் முழுவதும் கரையுங்கள். கரைசலைக் கழுத்தில் கோடு போட்ட அளவுக் குடுவைக்கு மாற்றுங்கள். முகவையை இரண்டு மூன்று முறை சிறிதளவு நீரால் அலசி, அலசிய நீரையும் குடுவையிலேயே சேருங்கள். முகவையின் சுவரில் ஒட்டியிருப்பதும் நீங்கள் எடை போட்ட கரைபொருள்தான். பிறகு கோட்டுக்கு ஒரு விரல் கீழே வரை நீர் ஊற்றி, கடைசிப் பகுதியைச் சொட்டுச் சொட்டாக, நீர்ப்பரப்பின் வளைந்த அடிப்பகுதி கோட்டைத் தொடும்வரை சேருங்கள். கண் கோட்டின் நேர்மட்டத்தில் இருக்க வேண்டும். மூடி போட்டுத் தலைகீழாகப் பல முறை கவிழ்த்துக் கலக்குங்கள். கோட்டைத் தாண்டிவிட்டால் ஒரு சொட்டை உறிஞ்சி வெளியே எடுப்பது தீர்வாகாது, கரைபொருளும் அதனோடு போய்விடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

செறிவான கரைசலிலிருந்து நீர்த்த கரைசல் செய்வதற்கும் இரண்டாம் படியில் சொன்ன கொள்கையே போதும். செறிவைக் கன அளவால் பெருக்கினால் கரைபொருளின் அளவு கிடைக்கும். நீர் சேர்த்த பிறகும் அந்தப் பெருக்குத்தொகை மாறாது. கடையிலிருந்து வரும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறத்தாழ 12 மோலார். அதிலிருந்து 0.1 மோலார் கரைசல் 250 மி.லி. வேண்டுமென்றால், 0.1-ஐ 250-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும்: ஏறத்தாழ 2.1 மி.லி. அந்த அளவை, ஏற்கெனவே பெருமளவு நீர் ஊற்றியிருக்கும் குடுவையில் சேர்த்துக் கோடுவரை நிரப்ப வேண்டும்.

அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அடர் கந்தக அமிலம் நீரோடு சேரும்போது மிகுந்த வெப்பம் வெளிப்படும். அமிலம் நீரைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு அடர்த்தியானது. அதன்மேல் ஊற்றிய நீர் மேற்பரப்பிலேயே கொதித்து, அமிலத்தையும் சேர்த்து முகத்தில் தெறிக்கும். கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் வரிசை தவறினால் கண் போய்விடலாம். கண்ணாடியும் கையுறையும் அணியாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

‘ஒன்றுக்குப் பத்து’ என்பதன் பொருள்

மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் தரை துடைக்கப் பயன்படுத்தும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் பெரும்பாலும் 5 சதவீத அளவில் வருகிறது. அதை 0.5 சதவீதமாக்க வேண்டுமென்றால் பத்து மடங்கு நீர்க்க வேண்டும். பத்து மடங்கு என்பது ஒரு பங்கு மருந்தும் ஒன்பது பங்கு நீரும். மொத்தம் பத்துப் பங்கு. ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் ஊற்றினால் மொத்தம் பதினொன்றாகி, செறிவு ஏறத்தாழ 0.45 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தரை துடைக்கும்போது இந்த வேறுபாடு பெரிதல்ல. ஆனால் அதே பழக்கத்தோடு, நுண்ணுயிரியல் ஆய்வில் பத்து மடங்கு நீர்த்தலை அடுத்தடுத்து ஆறு முறை செய்யும்போது, விடை ஏறத்தாழ 44 சதவீதம் பிசகிவிடும். ஒவ்வொரு படியின் பிழையும் அடுத்த படியில் பெருகிக்கொண்டே போவதால்தான் அவ்வளவு பெரிய விலகல்.

0.1 சதவீதம் வேண்டுமென்றால் ஒரு பங்கு மருந்துக்கு 49 பங்கு நீர். கூடுதல் வலுவாக இருந்தால் நல்லதுதானே என்று நீரைக் குறைப்பவர்கள் உண்டு. மூச்சுக்குழாயும் தோலும் எரிவதைத் தவிர அதனால் கிடைப்பது குறைவு. இந்த மருந்தை அமிலத்தோடோ அமோனியாவோடோ ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு வெளிப்படும். திறந்து நாளான புட்டியின் வலு தானாகவே குறைந்திருக்கும் என்பதால் பழைய புட்டியை வைத்துப் போடும் கணக்கை நம்ப முடியாது.

செறிவு வேறுபட்ட இரண்டு கரைசல்களை ஒன்றாகக் கலந்தாலும் முறை மாறாது: கரைபொருளைத் தனியே கூட்டுங்கள், மொத்தத்தைத் தனியே கூட்டுங்கள், பிறகு வகுங்கள். 10 சதவீதத்தில் 200 கிராமும் 25 சதவீதத்தில் 100 கிராமும் சேர்ந்தால் உப்பு 45 கிராம், மொத்தம் 300 கிராம், செறிவு 15 சதவீதம். இரண்டின் சராசரியான 17.5 அல்ல.

ஆறாம் படி: உப்பு சர்க்கரைக் கரைசலில் இதைச் செய்து பார்ப்பது

இதுவரை சொன்னவற்றில் தவறினால் சோதனை கெடும், அல்லது பேட்டரி கெடும். வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கும் குழந்தைக்குக் கொடுக்கும், ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்பு சர்க்கரைக் கரைசலில் தவறினால் உயிருக்கே ஊறு வரலாம். ஆகவே இதைச் சற்று நிதானமாக எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2002-இல் பரிந்துரைத்த கலவையில், 1 லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், மொத்தம் 20.5 கிராம். இந்த அளவில் கரைத்தால் லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல் (மோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமோல்), குளுக்கோஸும் 75 மில்லிமோல். இரண்டும் சமமாக இருப்பது தற்செயல் அல்ல. சிறுகுடலின் சுவர் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கிறது, அவற்றின் பின்னால் நீரும் செல்கிறது. கரைசலின் மொத்த ஊடழுத்த அளவு, அதாவது கரைந்திருக்கும் எல்லாத் துகள்களின் மொத்தச் செறிவு, லிட்டருக்கு 245 மில்லி ஆஸ்மோல். அதற்கு முந்தைய கலவையில் அது 311 ஆக இருந்தது. செறிவைக் குறைத்ததால் மலத்தின் அளவும் வாந்தியும் குறைந்ததைக் கண்டுதான் அந்த மாற்றம் செய்யப்பட்டது.

இப்போது ஒரு தாய், ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை அரை லிட்டர் நீரில் கரைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கரைபொருள் அதே அளவு, மொத்தம் பாதி. சோடியம் லிட்டருக்கு 150 மில்லிமோலாக, இரத்தத்தில் இயல்பாக இருக்கும் 135 முதல் 145 வரையிலான அளவையும் தாண்டிவிடும். மொத்தச் செறிவு 490 ஆகிவிடும். அந்தக் கரைசல் உடலுக்கு நீரைக் கொடுப்பதற்கு மாறாக, குடலுக்குள் நீரை இழுக்கும். வயிற்றுப்போக்கு கூடும், இரத்தத்தில் சோடியம் ஏறும். மாறாக இரண்டு லிட்டரில் கரைத்தால் சோடியம் 37.5 ஆக இறங்கி, இழந்த உப்பு ஈடாகாது. குழந்தை விரும்பிக் குடிக்கட்டும் என்று மேலும் இரண்டு கரண்டி சர்க்கரை போடுவதும் தவறே: மூன்றாம் படியில் சொன்னதுபோல் நீர் மாறாமல் கரைபொருள் மட்டும் கூடும், செறிவு ஏறும், சோடியத்துக்கும் சர்க்கரைக்கும் இருந்த சமநிலை குலையும். நீருக்குப் பதிலாகப் பழச்சாற்றிலோ குளிர்பானத்திலோ கரைப்பதும் இதே வகைப் பிழை.

செய்ய வேண்டியவை இவை. பொட்டலத்தில் எழுதியிருக்கும் நீரின் அளவை முதலில் படியுங்கள். 1 லிட்டருக்கான பொட்டலமும் உண்டு, 200 மி.லி.க்கான சிறிய பொட்டலமும் உண்டு, இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்க வைத்து ஆறிய நீரை, அளவு தெரிந்த புட்டியில் அளந்து எடுங்கள். பொட்டலம் முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டுங்கள். பாதித் தூளைப் பாதி நீரில் கரைத்தால் கணக்கு சரிதானே என்று தோன்றும், ஆனால் பொட்டலத்தில் குளுக்கோஸும் உப்பும் சீராகக் கலந்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை, கண்ணால் பாதி பிரிப்பதும் எளிதல்ல. தூள் முழுவதும் கரையும்வரை கலக்குங்கள். கரைத்த கரைசலை மறுபடி கொதிக்க வைக்காதீர்கள். நீர் ஆவியாகிச் செறிவு ஏறிவிடும். 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தி, மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். குழந்தை சோர்ந்து மயங்கினாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ வீட்டிலேயே வைத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸும் அவருடைய குழுவினரும் உப்பையும் குளுக்கோஸையும் முன்கூட்டியே எடை போட்டுப் பொட்டலங்களாகக் கட்டி வைத்துக்கொண்டு, முகாமிலேயே நீரில் கரைத்துக் கொடுத்தார்கள். பொட்டலம் என்பது வேறொன்றுமில்லை; கணக்கின் ஒரு பாதியை, அதாவது கரைபொருளின் அளவை, யாரோ நமக்காகத் தராசில் வைத்து முடித்துத் தந்திருக்கிறார்கள். மற்றப் பாதியான நீரின் அளவை மட்டும் அவர்கள் நம்மிடம் விட்டிருக்கிறார்கள்.

தவறாகக் கலந்துவிட்டால்

எவ்வளவு கரைபொருள் போட்டோம், எவ்வளவு நீர் ஊற்றினோம் என்பது உறுதியாகத் தெரிந்திருந்தால் திருத்தம் எளிது. ஒரு லிட்டர் பொட்டலத்தை 800 மி.லி. நீரில் கரைத்திருந்து, அதிலிருந்து இன்னும் ஒரு வாய் கூடக் கொடுக்கவில்லை என்றால், மேலும் 200 மி.லி. நீர் ஊற்றிக் கலக்கினால் சரியாகிவிடும். ஆனால் அதிலிருந்து ஏற்கெனவே ஒரு பகுதியை எடுத்துவிட்டிருந்தால் 200 மி.லி. ஊற்றக் கூடாது, நான்காம் படியில் பார்த்ததுபோல் எடுத்த பகுதியோடு கரைபொருளும் போயிருக்கும். பாதியைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், மீதிக்கு 100 மி.லி. நீர்தான் ஊற்ற வேண்டும்.

எவ்வளவு போட்டோம் என்பதே நினைவில்லை என்றால், நிறத்தையோ சுவையையோ வைத்து ஊகித்துத் திருத்த முயலாதீர்கள். ஆய்வகக் கரைசலாக இருந்தால் பெயர்ச்சீட்டு ஒட்டாத குடுவையைத் தனியே எடுத்து வையுங்கள். குழந்தைக்கான கரைசலாக இருந்தால் அதைக் கொட்டிவிட்டு, புதிய பொட்டலம் ஒன்றைப் பிரித்து, நீரை அளந்து முதலிலிருந்து தொடங்குங்கள்.